உப்பளத்துக் கிளாக்கரின் றீல்

இறுகிப்போன ஸ்குருவைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் அதை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். சொன்னால் ஆட்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஒரு மயிரிழை இறுக்கினால் போதும். உள்ளே உப்பும் துருவும் சேர்ந்து பிடித்திருக்கிற பிடி அதில் விட்டுப்போகும், பிறகு மறுபக்கம் திருப்பினால் வரும். நேரே கழற்றப் போனால் தலை அறுந்து கையோடு வரும், உடம்பு உள்ளேயே கிடக்கும். அப்படித் தலையை அறுத்துக்கொண்டு வந்து என் மேசையில் போட்டுவிட்டு, "சின்ன வேலதான், கொஞ்சம் பாருங்க" என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்ன வேலையென்றால் நீயே செய்திருக்கலாமே, என்னத்துக்கு இங்கே வந்தாய் என்று கேட்டுவிடுவேன். பலபேர் அதற்குப் பிறகு வந்ததில்லை.

நான் மீன்பிடி றீல் திருத்துகிற பாஸ், கைவேலைக்காரன். நுரைச்சோலைக்கும் தலவிலவுக்கும் இடையில், கல்பிட்டி வீதியோரம், என் மனைவியின் வீட்டு முன்பக்கத்தில் தகரம் போட்ட கொட்டில் ஒன்று இருக்கிறது. அங்கேதான் வேலை. மனைவியின் வீடு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். அது வழமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது, ஒரு ஷொப்பிங் பேக்கோடு இந்தக் கரையில் வந்திறங்கிய வாப்பாவின் மகன். வளவு அவர்களுடையது, வீடு அவர்களுடையது, கொட்டிலின் தகரம்கூட மனைவியின் நானா, அவள் அண்ணன், வாங்கிப் போட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு வழி சொல்கிறவன், "அந்த அகதி பாஸ்ட கொட்டிலக் கேளுங்க" என்றுதான் சொல்கிறான்.

இந்த வேலையில் கழற்றுவது பெரிய காரியமில்லை. பொறுமை இருந்தால் போதும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்த டப்பாவில் ஊறவிட்டு, ஈயம் பற்றவைக்கிற இரும்பை ஸ்குருத் தலையில் வைத்துச் சுடவைத்து, ஆறவிட்டு, மரக்கட்டையால் தட்டி, திரும்பவும் ஊறவிட வேண்டும். மனிதர்களிடம் எனக்கு இல்லாத பொறுமை இரும்பிடம் இருக்கிறது. சாமான் தேடுவதுதான் கஷ்டம். பழைய றீல்களை இப்போது யாரும் செய்வதில்லை. பிறேக் வாஷரைப் பழைய பந்துத் தோலில் வெட்டிவிடுவேன். ஸ்பிரிங்கை லைட்டரில் இருந்து எடுப்பேன். கைப்பிடி பின்னுக்குச் சுற்றாமல் தடுக்கிற சின்னக் கொக்கியை இரும்பறுக்கிற வாள் அலகில் அராவி எடுத்துவிடுவேன். பல்லுச்சில்லை மட்டும் செய்ய முடியாது. பெரியதும் சின்னதும் சோடியாக, பல்லோடு பல் சேர்ந்து ஓட வேண்டும். சிலாபத்தில் ஒரு லேத்காரர் வெட்டித் தந்தார். இரண்டாவது மீனிலேயே கரகரத்துவிட்டது. ஆகவே ஒரு றீலுக்குப் பல்லுச்சில்லு வேண்டுமென்றால் அதே அச்சில் இன்னொரு றீலை அறுத்தாக வேண்டும்.

கிளாக்கர் என் கொட்டிலுக்கு வந்தது ஒரு தை மாதத்தில். பாலாவிப் பக்கம் உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஊரே கிளாக்கர் என்றுதான் சொல்லும், நான் மாமா என்பேன். என்னை அகதி என்று ஒருநாளும் சொல்லாதவர். அவருடைய மனைவி மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த கிழமை அது. அந்த அம்மா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவர். அவ்வளவு காலமும் றீல் சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கியிருக்கிறது. கடற்காற்றும் அடுப்புப் புகையும் அதைக் கட்டியாக்கிவிட்டிருந்தன. கைப்பிடி அசையவில்லை.

"பின்னேரம் அஸருக்குப் பொறகு வீட்டுல இருக்க ஏலாம இரிக்கி தம்பி," என்றார். "அந்த நேரம்தான் அவக்கு மருந்து குடுக்கிற நேரம். இத மட்டும் சரியாக்கித் தாங்க. கடக்கரைக்குப் போயிட்டாவது வருவன்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். "உள்ளுக்கு பல்லுச்சில்லு ரெண்டும் புதுசு. மகன் கட்டார்ல எங்கயோ தேடிப் புடிச்சு அனுப்பினது. போட்டு ஒரு மாசம்கூட பாவிக்கல்ல, அவ படுத்துட்டா."

மூன்று கிழமை எடுத்தது. ஒரு ஸ்குரு மட்டும் ஒன்பது நாள் என்னோடு மல்லுக்கட்டியது. பக்கத் தட்டு கழன்று வந்தபோது றீலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தேன். வெளியே அவ்வளவு துருப்பிடித்த றீலுக்குள் இரண்டு சில்லுகளும் புதுப் பித்தளைப் பாத்திரம் மாதிரி இருந்தன. கிறீஸ்கூடக் காயவில்லை. அந்த மனிதர் கவனமாகப் பூசி மூடியிருந்தார்.

அன்றைக்கே, அதுவும் அந்த நேரத்திலேயே, மச்சான் வந்தார். மனைவியின் நானாவைத்தான் சொல்கிறேன். கல்பிட்டியிலிருந்து வெள்ளைக்காரர்களைப் போட்டில் ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கக் கொண்டுபோகிறவர். கையில் றீல். கிளாக்கருடைய அதே அச்சு. திறந்து பார்த்தேன், பல்லெல்லாம் தேய்ந்து கத்தி முனையாகியிருந்தது.

"நாளைக்கி வெள்ளண ரெண்டு பேர் வாறாங்க. பெரிய மீன் வேணுமாம். இண்டைக்கே செஞ்சு தாங்க மச்சான்."

"இதுக்கு சாமான் இல்ல மச்சான். எங்கயும் இல்ல."

அவர் மேசையைப் பார்த்தார். "அதென்ன, ஒரே அச்சுத்தானே?"

"அது கிளாக்கர் மாமாட."

"கரையில நிண்டு சின்னக் கீளி மீன் புடிக்கிற மனுசனுக்கு இவ்வளவு நல்ல பல்லுச்சில்லு என்னத்துக்கு? மாத்திப் போடுங்க. பொறகு வேற ஒண்டு தேடி அவருக்குப் போடலாம். கொஞ்ச நாளைக்கித்தானே."

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "தகரத்துல ஓட்ட விழுந்திருக்கே. ஆள அனுப்பி மாத்தித் தாறன்," என்றார். அது மிரட்டலில்லை. அவர் அப்படிப்பட்டவருமில்லை. ஆனால் நான் யாருடைய தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஊரில் பெயர். அந்தக் கோபம் ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இருபது நிமிட வேலை. கிளாக்கரின் சில்லுகள் மச்சானின் றீலுக்குள் போயின. மச்சானின் தேய்ந்த சில்லுகளைக் கிளாக்கரின் றீலுக்குள் போட்டேன். சத்தம் கேட்காமலிருக்கக் கிறீஸை அப்பினேன். பக்கத் தட்டை மூடி, ஸ்குருக்களைப் பூட்டி, வெளியே துடைத்துப் பளபளப்பாக்கினேன். உள்ளே மோசமாக இருந்ததால் வெளியே கூடுதலாகத் துடைத்தேன் என்று நினைக்கிறேன்.

கிளாக்கர் வந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். கிறீஸின் தயவில் அது பஞ்சு மாதிரிச் சுற்றியது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் நான் ஏதோ ஒரு ஸ்குருவைத் தேடுகிறவன் போல மேசைக்குக் கீழே குனிந்தேன். "உங்கட கையில அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை நீர்கொழும்புக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். உண்மையாகவே தேடினேன். சிலாபத்திலும் கேட்டேன். ஒரு வெறுங்கூடு கிடைத்தது, உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை போகவில்லை. போகாததற்கு ஒரு காரணமும் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் கிளாக்கர் றீலோடு வந்தார். தலவிலப் பக்கத்துக் கரையில் ஒரு பாரை மீன் தூண்டிலில் மாட்டியதாம். பாதி இழுத்தபோது உள்ளே 'கடக், கடக்' என்று நழுவி, தங்கூசி நூல் தளர்ந்து, மீன் போய்விட்டதாம். "பல்லு நழுவுற மாதிரி இரிக்கி தம்பி."

"உப்புத் தின்னுட்டுது மாமா. ரெண்டு வருசம் தொங்கினதில்ல?"

அவர் யோசித்தார். "உப்பு இரும்பத்தானே அப்பிடித் தின்னும். பித்தளைக்கு பச்சக் களிம்புதான் பிடிக்கும். பல்லத் தேய்க்குமா?"

உப்பின் நடுவே வேலை பார்த்த மனிதரிடம் உப்பைப் பற்றிப் பொய் சொன்ன மடையன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். மறைக்க முடியாது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்களே திருத்துங்களேன் மாமா," என்றேன். நான் இன்னும் கிறீஸ் அப்பிக் கொடுத்தேன்.

இரண்டாம் தடவை வந்தபோது நான் சொன்ன வார்த்தையைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"றீல்ல ஒண்டுமில்ல மாமா. உங்கட கை நடுங்குது. வெட்டி வெட்டி இழுக்கிறீங்க, அதுதான் நழுவுது. வயசு போனா அப்பிடித்தான்."

அவர் வலது கையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். "அப்பிடியா?" என்றார். "எனக்கு விளங்கல்ல." பிறகு கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

ஆனால் அவர் முட்டாளில்லை. பங்குனி மாதத்தில் ஒருநாள் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் என்னிடம் காதோடு சொன்னார்: "கிளாக்கர் ரெண்டு மூணு பேருக்கிட்ட சொல்லியிருக்கார். நீங்க உள்ளுக்கு சாமான் மாத்திட்டீங்க போல எண்டு." எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு கத்தியது. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம் பார்த்துப் போனேன். கிளாக்கர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, நான் கள்ளனா?" என்று கேட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். "முப்பது வருசத்துக்கு மேல இந்த ஊருல இருக்கன். ஒருத்தன்ட ஊசிய எடுத்திருக்கனா? அகதி எண்டா கள்ளன் எண்டு நெனச்சிட்டீங்களா? எண்ட கையில ஹராம் இல்ல மாமா. பள்ளி வாசல்ல நிண்டு சொல்றன்."

அவர் ஒரு செருப்பு காலில், மற்றது தரையில், அப்படியே நின்றார். ஆட்கள் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "சரி சரி, பாஸ் அப்பிடிப்பட்ட ஆளில்ல," என்று ஒருவர் என் தோளில் கைபோட்டார். என்னை ஒருநாளும் அகதி என்று சொல்லாத ஒரே மனிதரின் முன்னால்தான் அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டேன். அது எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதோடு அவர் என்னிடம் வருவது நின்றது. கரையில் தூண்டில் தடியோடு சில நாள் கண்டேன். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த வருடம் நோன்புக்கு முந்திய மாதம், கிளாக்கர் உம்றாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மகன் கூட்டிப்போகிறானாம். எங்கள் பக்கத்தில் மக்காவுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் ஏதும் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும், மற்றவர் பொருந்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மனிதனுக்குச் செய்ததை மனிதன் மன்னிக்காமல் அங்கே போய் அழுது என்ன பயன் என்பது கணக்கு. பெரும்பாலும் அது ஒரு சடங்குதான். வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், யாரும் எதையும் விபரமாகச் சொல்வதில்லை.

அவர் உள்ளே வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். விபரமாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க எண்ட றீல்ல சாமான் மாத்திட்டீங்க எண்டு நான் சந்தேகப்பட்டன். மனசுக்குள்ள மட்டுமில்ல, மூணு பேருக்கிட்ட சொல்லியும் போட்டன். அவங்ககிட்டயும் போய் சொல்லிட்டுத்தான் வாறன், அது எண்ட பிழை எண்டு. அண்டைக்கு பள்ளி வாசல்ல நீங்க அப்பிடி மனம் நொந்து கதைச்சதுக்குப் பொறகுதான் விளங்கிச்சு. கள்ளன் அப்பிடிக் கதைக்க மாட்டான். வீணா ஒரு மனுசன்ட பேர கெடுத்துட்டன். அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

கள்ளனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்கள், கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. மேசையில் ஸ்குரு கழற்றுகிற திருப்புளி ஒன்று கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் மனிதர், கோபப்பட்டிருப்பார், பிறகு பொருந்தியிருப்பார். தன் கை நல்ல கை என்று தெரிந்துகொண்டாவது போயிருப்பார்.

"பொருந்திட்டன் மாமா," என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் போனபிறகு மனைவி உள்கதவில் நின்றாள். அன்றைக்கு அவளுடைய நானா வந்ததும், என்ன நடந்ததும் அவளுக்குத் தெரியும்.

"சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"உங்கட நானாவுக்குத்தானே செஞ்சன்."

"நானா கேட்டது சாமான். அந்த மனுசன்ட கை நடுங்குது எண்டு சொல்லச் சொல்லிக் கேட்டாரா?"

அன்று முழுக்க அவளிடம் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மச்சானைத் தேடிக் கல்பிட்டிக்குப் போனேன். கிளாக்கர் திரும்பி வருவதற்குள் அந்தச் சில்லுகளை வாங்கி, அவருடைய றீலில் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. மச்சான் போட்டில் நின்று எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எந்த றீல்? ஆ, அதுவா. அது போன சீசன்லயே கடலுக்குள்ள போயிட்டே. ஒரு வெள்ளக்காரன் தடியோட நழுவ விட்டுட்டான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஒரு பல்லுச்சில்லுக்கா இப்பிடி நிக்கிறீங்க? விடுங்க மச்சான்."

கிளாக்கரின் சில்லுகள் வீணாகவே போயிருந்தன. அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதையும் அவரிடம் காட்டவில்லை. வீதிக்கு வந்து, பஸ்ஸை நிறுத்தாமல் போன ட்ரைவரை ஏசினேன்.

சரி, சில்லு இல்லாவிட்டால் வாயாவது இருக்கிறதே, வந்ததும் சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். சொல்ல வேண்டிய வசனத்தைக்கூட வேலை செய்யும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன்.

அவர் வந்து மூன்றாம் நாளே கொட்டிலுக்கு வந்தார். மொட்டைத் தலை, வெள்ளைத் தொப்பி. கையில் ஒரு ஷொப்பிங் பேக். அதிலிருந்து ஈச்சம்பழப் பொதியை எடுத்து வைத்தார், சின்னப் போத்தலில் ஸம்ஸம் தண்ணீரை எடுத்து வைத்தார். கடைசியாகத் துவாயில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். றீல்.

"இது எனக்கு இனி சரிவராது தம்பி. நீங்க சொன்னது சரிதான், கை நடுங்குது. நாலஞ்சு மீன் போச்சு, பொறகு போக மனம் வரல்ல. நீங்க வெச்சுக்கங்க. உள்ளுக்கு பல்லுச்சில்லு அவ்வளவு சரியில்லாட்டியும் மத்த சாமானுகள் உதவும். வேற யாருட றீலுக்காவது கழட்டிப் போடுங்க."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பை விளிம்பு வரை நிரம்பியிருந்தது. நான் மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "இப்ப அஸருக்குப் பொறகு என்ன செய்றீங்க மாமா?"

"வீட்டுலதான்," என்றார். "சும்மா இருக்கன்."

அவர் சோசரோடு கோப்பையைத் தூக்கினார். முழுக் கோப்பை, ஒற்றைக் கை. மேசையிலிருந்து வாய்வரை கொண்டுபோனார், கோப்பை சோசரில் ஒரு தடவைகூடக் கிலுங்கவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. உறிஞ்சிவிட்டு அப்படியே முழங்காலுக்கு மேல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா," என்றேன்.

"சொல்லுங்க தம்பி." அவர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். "அங்க கஃபாவப் புடிச்சிக்கிட்டு உங்களுக்கும் துஆ கேட்டன். பேர் சொல்லிக் கேட்டன். என்ன, என்னமோ சொல்ல வந்தீங்க?"

"சீனி காணுமா, இன்னும் போடவா எண்டு கேக்க வந்தன்."

"காணும் தம்பி," என்றார்.